பொதுக்குழாயை அடைப்பதற்கு முன் சந்தைக் கழிப்பறையைப் பாருங்கள்: எங்கள் பிரதேச சபைக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய தவிசாளர் அவர்களுக்கும், சபை உறுப்பினர்களுக்கும், செயலாளருக்கும், நீர் வழங்கல் பிரிவின் தொழில்நுட்ப உத்தியோகத்தர்களுக்கும்,

“நீர் சேமிப்புத் திட்டம்” என்ற தலைப்பில் சபை ஒட்டியிருக்கும் அறிவித்தலைத் தபால் கந்தோருக்கு எதிர்ச் சுவரில் நின்று இரண்டு தடவை வாசித்தேன். வரட்சி நீடிப்பதால் கீழ்வீதிக் குடியிருப்புகளுக்கு இனி ஒருநாள் விட்டு ஒருநாள் காலையில் இரண்டு மணித்தியாலம் மாத்திரம் நீர் திறக்கப்படும் என்றும், நீர்மானி உள்ள வீடுகளுக்குச் சிக்கனக் குழாய்முனைகள் பொருத்தப்படும் என்றும், விரயத்தைத் தடுக்கும் பொருட்டு லயத்தடியில் (தோட்டத் தொழிலாளர்களின் வரிசைக் குடியிருப்பருகில்) உள்ள மூன்று பொதுக்குழாய்களும் அடுத்த மாதம் முதலாம் திகதியுடன் நிரந்தரமாக அடைக்கப்படும் என்றும் அதில் இருக்கிறது. நீர் குறைந்துவிட்டது என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. தை மாதக் கடைசியில் இருந்தே மலையில் ஓடை மெலிந்து வருவதை நானும் பார்க்கிறேன். ஆனால் குறைந்துபோன நீரை யாரிடமிருந்து மிச்சம் பிடிப்பது என்ற கேள்விக்குச் சபை கண்டிருக்கும் விடையை வாசித்துவிட்டுப் பேசாமல் இருக்க என்னால் முடியவில்லை.

நான் இந்த ஊரில் இருபத்திரண்டு வருடங்களாகக் குழாய் பொருத்தும் தொழில் செய்கிறவன். பெயரைச் சொல்வதைவிடப் பைப் பாஸ் என்று சொன்னால்தான் பலருக்கு என்னைத் தெரியும். சபையின் சந்தைக் கட்டடத்திலும், உத்தியோகத்தர் விடுதிகளிலும், பாடசாலைகளிலும், பயணிகள் தங்கும் விடுதிகளிலும், நான் பிறந்து வளர்ந்த லயத்துக் காம்பராக்களிலும் வேலை செய்திருக்கிறேன். இத்திட்டத்தின் கீழ் கீழ்வீதியில் முதலில் போடப்பட்ட நாற்பது சிக்கன முனைகளைப் பொருத்தியவனும் நானே. அதற்கான கூலியையும் சபையிடமிருந்து பெற்றுக்கொண்டேன். ஆகையால் வெளியே நின்று குறை சொல்கிறவனாக என்னை எண்ண வேண்டாம். ஊரின் பெயரை இந்தப் பிரதியில் எழுதாமல் விட்டிருக்கிறேன். அலுவலகத்தில் ஒப்படைத்த பிரதியில் என் பெயரும் முகவரியும் உண்டு.

விரயம் என்று அறிவித்தல் சொல்வதால், அந்தப் பொதுக்குழாய்களில் இருந்தே தொடங்குகிறேன். மாசி மாதத்தின் இரண்டாவது சனிக்கிழமை, சாதாரண தர வகுப்பில் படிக்கும் இரண்டு பிள்ளைகளை உதவிக்கு வைத்துக்கொண்டு, காலை ஐந்தரை மணியில் இருந்து மாலை ஆறரை மணி வரை மூன்று குழாயடிகளிலும் நிறைந்த பாத்திரங்களை எண்ணினோம். குடம், வாளி, கேன் எல்லாவற்றையும் 20 லீற்றர் கேன் கணக்கிற்கு மாற்றிப் பார்த்தபோது 64 கேன் வந்தது, அதாவது 1,280 லீற்றர். அந்த நீரை எடுத்துச் சென்றவர்கள் 23 குடும்பங்கள், 97 பேர். ஆளுக்குப் பங்கிட்டால் 13 லீற்றரைச் சற்றே தாண்டும். குடிப்பது, சமைப்பது, பாத்திரம் கழுவுவது, நோயாளிக்கு உடம்பு துடைப்பது எல்லாம் அதற்குள்தான். குளிக்கவும் துவைக்கவும் கீழேயுள்ள பீலிக்கு, அதாவது மலைநீர் விழும் இடத்துக்குப் போகிறார்கள். பீலியும் இப்போது ஒரு விரல் தடிப்பில்தான் விழுகிறது. ஒரு மனிதருடைய அடிப்படைத் தேவைக்கு நாளொன்றுக்கு 50 முதல் 100 லீற்றர் வேண்டும் என்பது உலக சுகாதார அமைப்பைச் சுட்டி ஐக்கிய நாடுகள் சபை சொல்லிவரும் அளவு. பிரட்டுக்கு, அதாவது தோட்டத்தில் காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் இடத்துக்குப் போகும் முன் அந்தக் குழாயடியில் இருட்டோடு வரிசையில் நிற்கிற பெண்கள் அதில் கால்பங்கு அளவிலேயே வீடு நடத்துகிறார்கள். அவர்களிடம் மிச்சம் பிடிக்க என்ன இருக்கிறது என்று உங்களை நான் நேராகக் கேட்கிறேன்.

அங்கே வீணாகியதும் உண்டு. அதை மறைக்க மாட்டேன். நடுக் குழாயின் கைப்பிடி உடைந்து, சைக்கிள் டியூப்பால் இறுக்கிக் கட்டப்பட்டிருக்கிறது. வோஷர் தேய்ந்து சொட்டுகிறது. அன்றிரவு ஒன்பது மணிக்கு அதன் கீழே வாளி வைத்து, காலை ஐந்து மணிக்கு எடுத்து அளந்தபோது 14 லீற்றர் இருந்தது. இது விரயம்தான். ஆனால் இந்த விரயத்துக்கு மருந்து ஒரு வோஷரும் ஒரு கைப்பிடியும். அதைவிட நல்ல மருந்து, அழுத்தினால் திறந்து சில விநாடிகளில் தானாகவே மூடிக்கொள்ளும் குழாய். பொது இடங்களுக்கென்றே செய்யப்பட்ட நீர்ச்சிக்கனச் சாதனம் அது. ஹார்ட்வெயார் கடைகளில் கேட்டால் எடுத்துத் தருவார்கள். சபையின் சிக்கனத் திட்டத்தில் அந்தக் குழாயடிகளுக்கு அப்படிப்பட்ட ஒன்று ஒதுக்கப்பட்டிருந்தால் இந்த மடலை நான் எழுதியிருக்க மாட்டேன். சீர்செய்ய வேண்டியதை அடைத்துவிடுவது சேமிப்பு ஆகாது.

இனிச் சந்தைக் கழிப்பறைக்கு வருகிறேன். அதே கிழமை திங்கட்கிழமை, காவலாளியின் அனுமதியோடு உள்ளே போய்ப் பார்த்தேன். கழிப்பறைக்கு நீர் ஊற்றும் ஆறு சிஸ்டன் தொட்டிகளில் ஒன்றில், நிறைந்ததும் நீரை நிறுத்தும் ‘போல்’ வால்வு முற்றாகப் பழுதாகி, நீர் நிறைந்த பின்னும் நிற்காமல், வழிகுழாய் ஊடாகப் பின்புறக் கானுக்குள் (வடிகாலுக்குள்) விழுந்துகொண்டிருந்தது. ஒரு லீற்றர் போத்தலை அதன் கீழே பிடித்தேன். 12 விநாடியில் நிறைந்தது. மூன்று தடவை பிடித்தும் அதே அளவுதான். நிமிடத்துக்கு 5 லீற்றர், மணித்தியாலத்துக்கு 300 லீற்றர். சந்தைக்கு மேல்வீதிக் குழாயில் இருந்து இரவு பகலாக நீர் வருவதால், நாளொன்றுக்கு 7,200 லீற்றர். லயத்தடியில் 97 பேர் ஒரு நாள் முழுவதும் எடுக்கும் நீரின் ஐந்து மடங்குக்கும் மேற்பட்ட நீர், ஒரேயொரு சிஸ்டனின் பழுதான வால்விலிருந்து எவருடைய கையையும் நனைக்காமல் கானில் கலக்கிறது. அந்த வால்வின் விலை என்னுடைய ஒரு நாள் கூலிக்கும் குறைவு. தீபாவளிக்கு முன்பிருந்தே இப்படித்தான் போகிறது என்று காவலாளி சொன்னார். அவர் முறைப்பாட்டுப் புத்தகத்தில் எழுதியும் வைத்திருக்கிறார். பக்கத்தைப் புரட்டிக் காட்டினார்.

இந்த இரண்டு கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த இரவில் எனக்கு நித்திரை வரவில்லை. என் தாயார் அதே லயத்தில் முப்பது வருடங்களுக்கு மேல் கொழுந்து எடுத்தவர். நான் சிறுபிள்ளையாக இருந்தபோது அங்கே பொதுக்குழாய் கிடையாது. பீலியில் இருந்து மேட்டுக்குக் குடம் சுமந்துதான் வீட்டில் உலை வைக்கப்பட்டது. மழைக்காலத்தில் பீலி கலங்கினால் சேலைத் துணியில் வடித்து எடுப்பார். குழாய் வந்த அன்று பெண்கள் அதற்குப் பொட்டு வைத்துக் கற்பூரம் கொளுத்தினார்கள். அதற்கு முன்னர் பல ஆண்டுகளாக, 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின் 33ஆம் பிரிவைக் காட்டி, தோட்டப்புறத்துக்குச் சபையின் நிதியைச் செலவிட முடியாது என்றே எங்களுக்குப் பதில் சொல்லப்பட்டது. வீதியோரம் சபைக்குச் சொந்தம், லயம் தோட்டத்துக்குச் சொந்தம் என்று எல்லை காட்டியதால்தான் குழாய்களும் லயத்துக்குள் வராமல் வீதியோரத்திலேயே நின்றன. அந்தச் சட்டம் 2018ஆம் ஆண்டில் திருத்தப்பட்டுவிட்டது. தடை நீங்கிய பிறகு லயத்துக்குள் குழாய் போகும் என்று காத்திருந்த மக்களிடமிருந்து, வீதியோரத்தில் இருந்ததையும் எடுப்பது எந்த நியாயத்தில் சேர்ந்தது என்று எனக்கு விளங்கவில்லை.

அடுத்ததாக, நிலத்துக்குக் கீழே போகிற நீர். பஸ் தரிப்பிடத்துக்குக் கீழே உள்ள வளைவில், பிரதான குழாய் வெடித்து ஏழு மாதம் ஆகிறது. சுற்றியுள்ள புல் எல்லாம் காய்ந்து மஞ்சளாகிவிட்ட இந்த நாட்களில் அந்த இடத்தில் மட்டும் புல் பச்சையாக நிற்பதை நீங்கள் எல்லோரும் ஒவ்வொரு நாளும் கடந்து போகிறீர்கள். இதைப் பற்றி இரண்டு தடவை எழுத்தில் அறிவித்தேன். இரண்டு கடிதத்துக்கும் அலுவலக முத்திரை பதித்த பிரதி என்னிடம் இருக்கிறது. ஒரு தடவை மண் கொட்டி மூடினார்கள். நீர் இப்போது நாலு அடி தள்ளி வெளியே வருகிறது.

இந்த வெடிப்புகள் ஏன் திரும்பத் திரும்ப வருகின்றன என்பதைத் தொழில்நுட்ப உத்தியோகத்தர்கள் அறிவார்கள், உறுப்பினர்களுக்காகச் சொல்கிறேன். மலைநாட்டில் நீர்த்தாங்கி உச்சியிலும் ஊர் சரிவிலும் இருக்கும். பத்து மீற்றர் இறக்கத்துக்கு ஏறத்தாழ ஒரு பார் (அழுத்தத்தை அளக்கும் அலகு) வீதம் குழாய்க்குள் அழுத்தம் கூடிக்கொண்டு போகும். எங்கள் தாங்கிக்கும் கீழ்வீதிக்கும் இடையில் கிட்டத்தட்ட 80 மீற்றர் இறக்கம் உண்டு என்பதால், வால்வு திறந்திருந்து எவரும் நீர் எடுக்காத வேளையில் அந்தக் குழாய் 8 பார் அழுத்தத்தைத் தாங்கி நிற்கிறது. கார் டயரில் இருக்கும் காற்றழுத்தத்தின் மூன்று மடங்குக்கும் மேல் அது. வோஷர்கள் கிழிவதும், போல் வால்வுகள் மூட முடியாமல் தோற்பதும், பிவிசி மூட்டுகள் கழல்வதும் அதனால்தான். விடிந்து எல்லோரும் ஒரே நேரத்தில் திறக்கும்போது, துருப்பிடித்து உள்வட்டம் சுருங்கிய பழைய கல்வனைஸ் இரும்புக் குழாயில் உராய்வு கூடி அழுத்தம் விழுந்துவிடும். மறுபக்க மேட்டில் உள்ள வீடுகளுக்கு நூலாகத்தான் வரும். ஆகவே கீழ்வீதியில் ஒரே நாளில் குழாயும் வெடிக்கிறது, குடமும் நிறைவதில்லை.

இதை முன்னோர் அறியாமல் இல்லை. தாங்கிக்கும் ஊருக்கும் நடுவில், தேயிலை மலையின் ஓரத்தில், அழுத்தத்தை முறிப்பதற்கென்றே ஒரு சிறிய கொங்கிறீட் தொட்டி கட்டி வைத்திருக்கிறார்கள். நீர் அதில் விழுந்து, அமைதியாகி, அங்கிருந்து புதிதாகக் கீழே இறங்க வேண்டும். அதன் மிதவை வால்வு பழுதானபோது, புதியது வாங்குவதற்குப் பதிலாக, தொட்டியைத் தாண்டி நேர்க்குழாய் இணைக்கப்பட்டது. இப்போது தொட்டிக்குள் செடி முளைத்திருக்கிறது. அதைத் திரும்ப இயங்க வைத்துக் கீழ்வீதியின் அழுத்தத்தைப் பாதியாகக் குறைத்தால், இரும்புக் குழாயின் ஓட்டைகளில் ஒழுகுவது ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறையும். பிளாஸ்டிக் குழாயின் வெடிப்பு அழுத்தத்தோடு சேர்ந்து விரிவதால் அங்கே குறைவது இன்னும் அதிகமாக இருக்கும். ஒரு வீட்டுக் குழாயில்கூட முனை மாற்றாமல் கிடைக்கக்கூடிய சேமிப்பு இது.

எவ்வளவு ஒழுகுகிறது என்பதை அறியப் பெரிய கருவி எதுவும் தேவையில்லை. வீடுகள் உறங்கும் இரவு இரண்டு மணிக்கும் நாலு மணிக்கும் இடையில், ஊருக்குப் போகும் வால்வுகளைத் திறந்து வைத்து, தாங்கிக்குள் வரும் நீரை மாத்திரம் நிறுத்திவிட்டு, உள்ளே ஓர் அளவுகோலை இறக்கி மட்டம் எவ்வளவு குறைகிறது என்று பார்த்தால் போதும். 10 மீற்றர் நீளமும் 6 மீற்றர் அகலமும் கொண்ட தாங்கியில் மட்டம் ஒரு சென்றிமீற்றர் இறங்கினால் 600 லீற்றர் போய்விட்டது என்று பொருள். அந்த நேரத்தில் எவரும் குளிப்பதில்லை, சமைப்பதில்லை. இறங்குவதில் பெரும்பகுதி ஒழுக்குத்தான். கொழும்பு மாநகரில் ஒரு காலத்தில் குழாயில் விட்ட நீரில் ஏறத்தாழப் பாதி கணக்கில் வராமல் போய்க்கொண்டிருந்தது. பழைய குழாய்களை மாற்றி, ஒழுக்குகளைத் தேடிப் பிடித்த பிறகே அது குறைந்தது. தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபை இந்த நட்டத்தை “வருமானமற்ற நீர்” என்று தனியாகக் கணக்கிட்டு வருகிறது. எங்கள் சபையில் அப்படி ஒரு கணக்கு இருக்கிறதா என்று அலுவலகத்தில் கேட்டேன். கேள்வியையே புதிதாகக் கேட்டவர்கள்போல ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

ஒருநாள் விட்டு ஒருநாள் நீர் விடுவது சேமிப்பு என்று அறிவித்தல் சொல்கிறது. சென்ற வருடமும் பங்குனியில் இப்படிச் செய்யப்பட்டது; அப்போது நான் கண்டதைச் சொல்கிறேன். எப்போது வரும் என்ற பயத்தில் மக்கள் குழாயைத் திறந்தபடியே விட்டுவிட்டு வேலைக்குப் போனார்கள். நீர் வந்தபோது வாளி நிறைந்து இஸ்தோப்பு (வீட்டின் முன் திண்ணை) வழியாக ஓடியது. முதல் நாள் பிடித்து வைத்ததைப் பழையது என்று ஊற்றிவிட்டுப் புதிதாகப் பிடித்தார்கள். வெறுமையான குழாயில் நீர் ஏறும்போது முன்னால் தள்ளப்படும் காற்று நீர்மானியைச் சுழற்றியதால், வராத நீருக்கும் கட்டணம் வந்தது. இவற்றையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம், பொறுக்க முடியாதது ஒன்று உண்டு. குழாய் வெறுமையாகும் நேரத்தில், ஒழுகும் ஓட்டைகள் வெளியில் தேங்கி நிற்பதை உள்ளே இழுக்கும். பஸ் தரிப்பிடத்து வளைவில் அந்த வெடிப்புக்குப் பக்கத்திலேயே கான் ஓடுகிறது. 2007ஆம் ஆண்டில் கம்பளையில் செங்கண்மாரி (மஞ்சள் காமாலை) பரவியதை மலைநாட்டில் யாரும் மறந்திருக்க முடியாது. வெடிப்பைத் திருத்தாமல் நீரை நிறுத்தி நிறுத்தி விடுவது, பிள்ளைகளின் வயிற்றோடு விளையாடுவதாகும். இதைப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடமும் கேட்டுப் பாருங்கள்.

சிக்கன முனைகளைப் பற்றிச் சொல்ல எனக்கு உரிமை இருக்கிறது, ஏனென்றால் பொருத்தியவன் நான். அந்தச் சாதனத்தில் பிழை இல்லை. நீரோடு காற்றைக் கலந்து விடுவதால், நல்ல அழுத்தம் உள்ள குழாயில் கைகழுவுகிறவர் வித்தியாசத்தை உணராமலே மூன்றில் ஒரு பங்கு நீர் மிஞ்சும். ஆனால் நூலாக வருகிற குழாயில் மிஞ்சுவதற்கு எதுவும் இல்லை. குடம் நிறைக்கிறவருக்கு முனை எதையும் மிச்சப்படுத்தாது. 15 லீற்றர் குடத்துக்கு 15 லீற்றர் நீர்தான் வேண்டும், முனை போட்டால் நிற்கும் நேரம்தான் கூடும். அதோடு, நிறுத்தி நிறுத்தி விடும் நீர் துருவையும் மணலையும் அடித்துக்கொண்டு வருவதால், முனைக்குள் இருக்கும் சல்லடை ஒரு கிழமைக்குள் அடைபட்டுவிட்டது. நான் பொருத்திய நாற்பதில் இருபத்தேழை மக்கள் கழற்றிவிட்டார்கள். அவற்றைச் சுத்தம் செய்யச் சொல்லி என்னை அழைத்தவர்களிடம் நான் காசு வாங்கவில்லை. வாங்க மனம் வரவில்லை.

அதே முனைகளையும், அவற்றைவிடப் பெரிய பலன் தரும் சாதனங்களையும் எங்கே பொருத்த வேண்டும் என்பதுதான் இந்த மடலின் மையம். நீர் வேகமாகவும் நிறையவும் ஓடுகிற இடங்களில் பொருத்த வேண்டும். ஏப்ரல் வசந்தகாலத்தில் நுவரெலியா நிரம்பியதும் மீதிப் பயணிகள் எங்கள் பக்கம் வருகிறார்கள். ஊரில் நீர் மிகக் குறைவாக இருக்கும் காலமும் அதுதான். மேல்வீதியில் நான் வேலை செய்த விடுதிகள் மட்டும் பதினேழு. அவற்றில் சில பழைய துரைமார் பங்களாக்கள்; சங்கிலியை இழுக்கும் வார்ப்பிரும்புச் சிஸ்டன்கள் இன்னும் அப்படியே இருக்கின்றன. மூன்று கலன் (கேலன்) கொள்ளும் அப்படிப்பட்ட ஒன்றை ஒரு தடவை இழுத்தால் 13 லீற்றருக்கும் சற்று மேல் போகும். லயத்தடியில் ஒருவர் ஒரு நாளுக்கு எடுத்துச் செல்லும் நீர் அவ்வளவே. இப்போது செய்யப்படும் இரட்டைப் பொத்தான் கொமட்டுகளில் பெரிய பொத்தானுக்கு 6 லீற்றர், சிறிய பொத்தானுக்கு 3 லீற்றர். அமெரிக்காவில் 1992ஆம் ஆண்டுச் சட்டம், புதிய கழிப்பறைகள் ஒரு தடவைக்கு ஏறத்தாழ 6 லீற்றரையும், ஷவர்கள் நிமிடத்துக்கு 9.5 லீற்றரையும் தாண்டக்கூடாது என்று விதித்தது. நியூயோர்க் மாநகரம் 1994 முதல் 1997 வரை கட்டட உரிமையாளர்களுக்குப் பணம் கொடுத்தே பத்து லட்சத்துக்கும் அதிகமான பழைய கழிப்பறைகளை மாற்ற வைத்தது, ஏனென்றால் புதிய நீர்மூலம் தேடுவதைவிட அது மலிவு என்று கண்டார்கள். சிங்கப்பூரில் 2009இல் இருந்து, எவ்வளவு நீர் எடுக்கும் என்ற முத்திரை இல்லாமல் கடையில் குழாயை விற்க முடியாது. அவ்வளவு பெரிய ஏற்பாடுகளை நான் எங்கள் சபையிடம் கேட்கவில்லை. பதினேழு விடுதிகளில் இருந்து தொடங்குங்கள் என்றே கேட்கிறேன்.

மாற்றும்போது ஒரு தொழிலாளியின் எச்சரிக்கையையும் கேட்டுக்கொள்ளுங்கள். பழைய கொமட்டை அப்படியே வைத்துக்கொண்டு மேலே சிறிய சிஸ்டனை மட்டும் பொருத்தினால், அந்தக் கிண்ணம் 6 லீற்றரில் சுத்தமாகாது. இரண்டு தடவை இழுப்பார்கள், நீர் கூடுதலாகவே போகும். கிண்ணமும் சிஸ்டனும் ஒன்றுக்கொன்று பொருந்தியதாக மாற்றப்பட வேண்டும். சிலர் சிஸ்டனுக்குள் செங்கல் போடச் சொல்கிறார்கள். செங்கல் கரைந்து துகள் வால்வில் சிக்கி, இரவு முழுவதும் ஒழுக வைக்கும். நீர் நிரப்பி மூடிய போத்தலே நல்லது. சத்தமில்லாமல் ஒழுகும் சிஸ்டன்தான் எல்லாவற்றிலும் மோசம், ஏனென்றால் யாருக்கும் தெரியாது. அதைக் கண்டுபிடிக்க எங்கள் வீடுகளிலேயே மருந்து இருக்கிறது. கடும் சாயத் தேத்தண்ணீர் ஒரு கோப்பையைச் சிஸ்டனுக்குள் ஊற்றி, கால் மணித்தியாலம் யாரும் இழுக்காமல் விட்டுப் பாருங்கள். கிண்ணத்தில் சாயம் இறங்கினால் அடிவால்வு ஒழுகுகிறது. பாடசாலைகளிலும் சபைக் கட்டடங்களிலும் இதை ஒரே காலையில் செய்து முடிக்கலாம்.

குளிர் ஊருக்கே உரிய விரயம் ஒன்றும் உண்டு. விடுதிகளில் ஹீட்டர் ஒரு மூலையிலும் குளியலறை மறு மூலையிலும் இருக்கும். சுடுநீர் வரும்வரை குளிர்நீரைத் திறந்து ஓட விடுவார்கள். ஒரு விடுதியில் 40 அடிக் குழாயில் இருந்து சுடுநீர் வர எத்தனை நேரம் என்று பார்த்தேன். ஒரு வாளி நிறைந்து வழிந்தது. அடுத்தவர் குளிக்க வருவதற்குள் குழாய் ஆறிவிடும், திரும்ப ஒரு வாளி. சுடுநீர்க் குழாய்க்கு உறை போடுவதும், ஹீட்டரைக் குளியலறைக்குப் பக்கத்தில் வைப்பதும் பெரிய செலவில்லை. வியாபார அனுமதிப்பத்திரம் புதுப்பிக்கும் நேரத்தில் சபை இதை ஒரு நிபந்தனையாக வைத்தால் உரிமையாளர்கள் செய்வார்கள். அவர்களில் பலர் நல்லவர்கள். கேட்பதற்கு ஆள் இல்லாததால் செய்யாமல் இருக்கிறார்கள்.

மழைநீரைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஒரு சதுர மீற்றர் கூரையில் ஒரு மில்லிமீற்றர் மழை விழுந்தால் ஒரு லீற்றர். வட்டவளை, கினிகத்தேனைப் பக்கங்களில் வருடத்துக்கு 5,000 மில்லிமீற்றரும் தாண்டும். எங்கள் பக்கம் அவ்வளவு இல்லாவிட்டாலும், வைகாசி தொடக்கம் புரட்டாதி வரை தகரக் கூரையில் அடிக்கிற மழையில் பேசுவதே கேட்காது. நகர அபிவிருத்தி அதிகாரசபைச் சட்டத்துக்கு 2007இல் கொண்டுவரப்பட்ட திருத்தம், புதிய கட்டடங்களில் மழைநீர் சேகரிப்புக்கு வழி செய்திருக்கிறது. அதன் பிறகு ஊரில் எழும்பிய நாலு மாடி விடுதிகளில் எத்தனையில் மழைநீர்த் தொட்டி இருக்கிறது என்று வரைபட அனுமதி கொடுத்தவர்களே பார்த்துச் சொல்லட்டும். கழிப்பறைக்கும் தோட்டத்துக்கும் மழைநீர் போதும். மலையோடையின் நல்ல நீரைக் கானுக்குள் இழுத்துவிடத் தேவையில்லை.

இனி, நான் கேட்பவை.

லயத்தடிப் பொதுக்குழாய்கள் மூன்றையும் அடைக்கும் முடிவை, அடுத்த மாதாந்தக் கூட்டத்தில் ஒரு தீர்மானத்தின் மூலம் இரத்துச் செய்யுங்கள். முதலாம் திகதிக்கு முன் கூட்டம் இல்லையென்றால், கூட்டம் நடக்கும்வரை அடைப்பதை நிறுத்தி வைக்கும்படி செயலாளர் எழுத்தில் உத்தரவிட வேண்டும். அந்த மூன்று இடங்களிலும் தானாக மூடும் குழாய்களைப் பொருத்துங்கள். சட்டம் திருத்தப்பட்ட பின்னரும் லயத்துக்குள் இணைப்புக் கொடுக்கத் தடையாக இருப்பது என்ன என்பதைத் தோட்ட நிர்வாகத்தையும் மக்களையும் அழைத்துப் பேசி, பதிலைப் பகிரங்கமாகச் சொல்லுங்கள்.

பஸ் தரிப்பிடத்து வெடிப்பை மண் கொட்டி மூடாமல் குழாய்த் துண்டை மாற்றித் திருத்துங்கள். அது திருத்தப்படும்வரை கீழ்வீதிக்கு நீரை முற்றாக நிறுத்தாமல், குறைந்த அழுத்தத்திலாவது தொடர்ந்து விடுங்கள். அழுத்த முறிப்புத் தொட்டியின் மிதவை வால்வுக்கு இந்தக் காலாண்டிலேயே பணம் ஒதுக்குங்கள். தாங்கியில் மாதம் ஒரு தடவை இரவு மட்டம் அளந்து, அந்த எண்ணை அறிவித்தல் பலகையில் போடுங்கள். நீரைச் சேமிக்கச் சொல்லும் சபை தான் எவ்வளவு இழக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும்.

சிக்கனச் சாதனங்களுக்கு ஒதுக்கிய பணத்தில் மீதி இருப்பதைச் சந்தைக் கழிப்பறை, பஸ் தரிப்பிடக் கழிப்பறை, பாடசாலைகள், உத்தியோகத்தர் விடுதிகள் ஆகியவற்றின் சிஸ்டன்களுக்கும் வால்வுகளுக்கும் முதலில் செலவிடுங்கள். பயணிகள் விடுதிகளுக்கு ஏப்ரல் தொடங்குமுன் ஒரு பரிசோதனை நடத்தி, பழைய சிஸ்டன்களை மாற்ற ஒரு வருட அவகாசம் கொடுங்கள். மாற்றுகிறவர்களுக்கு அனுமதிக் கட்டணத்தில் சலுகை கொடுத்தாலும் எனக்கு மறுப்பில்லை. கீழ்வீதி மக்கள் கழற்றி வைத்த முனைகளுக்காக அவர்கள்மீது தண்டம் விதிக்கப் போவதாகப் பேச்சு அடிபடுகிறது. அப்படி எதுவும் செய்ய மாட்டோம் என்று எழுத்தில் உறுதி கொடுங்கள்.

கடைசியாக, சந்தைக் கழிப்பறையின் அந்த ஒரு வால்வு. விலைமனு கோரி, மூன்று கடையில் விலை எடுத்து, கையொப்பத்துக்குக் காத்திருந்து வாங்குவதற்குள் சித்திரை வந்துவிடும். வால்வை நான் என் செலவில் வாங்கி வைத்திருக்கிறேன். சபையின் சொத்தில் அனுமதியில்லாமல் கை வைக்க எனக்கு விருப்பமில்லை. வருகிற திங்கட்கிழமை காலை எட்டரை மணிக்கு அலுவலக வாசலில் நிற்பேன். ஒரு வரி அனுமதிக் கடிதம் தந்தால் ஒன்பது மணிக்குள் அந்த நீர் நின்றுவிடும்.

இப்படிக்கு,
சபை எல்லைக்குள் வசிக்கும் குழாய் பொருத்தும் தொழிலாளி